மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா?



ராப் பாட்டு என்றதும் நம் வீடுகளில் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. “இதுவும் ஒரு பாட்டா? டமடமவென்று சத்தம் மட்டும்தானே” என்பது பெரியவர்கள் கட்சி. “வார்த்தையை யார் கேட்கிறார்கள்? பீட் நல்லா இருக்கு” என்பது பிள்ளைகள் கட்சி. சற்று நின்று கேட்டால் இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: வார்த்தை காதில் விழவில்லை. ஒருவர் அதற்காக வருத்தப்படுகிறார், மற்றவர் படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாலிபர் கூடுகையில் இந்தப் பேச்சு பலமுறை வந்துவிட்டது. அதனால் ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்து, பொறுமையாகக் கேட்டு, எழுதிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். தூரத்து ஊர் ஆல்பம் வேண்டாம், நம் நியூ ஜெர்சியிலேயே ஒன்று இருக்கிறது. எடிசனிலிருந்து பார்க்வேயில் வண்டி நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய எசெக்ஸ் கவுண்டியில் உருவானது அது. குழுவின் பெயர் தி ஃபியூஜீஸ். ஆல்பம் தி ஸ்கோர், 1996 பிப்ரவரியில் வெளியானது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ராப் உலகில் ‘புரொட்யூசர்’ என்றால் பணம் போடும் தயாரிப்பாளர் அல்ல. நம் சினிமா வழக்கில் சொன்னால் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் சேர்ந்த ஒருவர். எந்த டிரம், எந்தப் பழைய இசைத்தட்டிலிருந்து எந்தத் துண்டு, எங்கே பேஸ் வர வேண்டும், எங்கே ஒன்றுமே வரக்கூடாது என்பதெல்லாம் அவர் கையில். அந்தத் துண்டுக்குப் பெயர் சாம்பிள். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது லூப். அதன் மேல் சொல் அடுக்குபவர் ராப்பர். பெரும்பாலும் பீட் முதலில் பிறக்கும், சொல் பிறகு வரும்.

தமிழருக்கு இது புதுச் செய்தியா என்ன? ‘மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா’ என்ற வழக்கு நம் சினிமாவில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இசையமைப்பாளர் தத்தகாரம் போட்டுக் காட்டுவார், கவிஞர் அதற்குள் சொல்லை உட்கார வைப்பார். எதுகையும் மோனையும் இயைபும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். ஒரு நல்ல ராப்பர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். வரியின் கடைசியில் மட்டும் ஒலி ஒன்ற வைப்பது சாதாரண வேலை. வரியின் நடுவிலும், அடுத்த வரியின் தொடக்கத்திலும் ஒன்ற வைத்து, அர்த்தத்தையும் தவறவிடாமல் நடத்துவதுதான் திறமை. யாப்பிலக்கணத்துக்குப் பயந்து தமிழ் வகுப்பிலிருந்து ஓடிய பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்!

இனி ஃபியூஜீஸ். மூன்று பேர்: வைக்லெஃப் ஜான், லாரின் ஹில், பிராஸ் மிஷல். வைக்லெஃப் ஹெய்ட்டியில் பிறந்து சிறு பிள்ளையாக அமெரிக்கா வந்தவர். அவருடைய அப்பா நியூவார்க்கில் நாசரேன் சபையின் போதகர். மகனுக்குப் பெயர் வைத்தது யாரை நினைத்து என்கிறீர்கள்? வேதாகமம் ஆங்கிலத்தில் வரப் பாடுபட்ட ஜான் விக்லிஃபை நினைத்துத்தான். வீட்டில் உலகப் பாட்டுக்கு இடமில்லை, வாத்தியம் கற்றதெல்லாம் ஆலயத்தில். (இந்தக் கதையைப் படிக்கும்போது நம் சபைப் போதகர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நாங்கள் கவனிக்காமல் இல்லை.) பிராஸின் பெற்றோரும் ஹெய்ட்டிக்காரர்கள். லாரின் சவுத் ஆரஞ்சில் வளர்ந்தவர். அவரும் பிராஸும் மேப்பிள்வுட்டில் உள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். 1993ல் வந்த சிஸ்டர் ஆக்ட் இரண்டாம் பாகத்தில் பாட ஆசைப்படும் மாணவியாக நடித்த பெண் இந்த லாரின்தான் என்றால் அம்மாக்கள் பலருக்கு உடனே முகம் ஞாபகம் வரும்.

குழுவின் முதல் பெயர் டிரான்ஸ்லேட்டர் குரூ, அதாவது மொழிபெயர்ப்பாளர் கூட்டம். அந்த மாதிரிப் பெயர் வேறொரு குழுவுக்கு இருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. ‘ரெஃப்யூஜி’ என்ற சொல்லின் வாலைப் பிடித்து ஃபியூஜீஸ் ஆனார்கள். ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களை இந்த ஊரில் ஏளனமாக அழைக்கப் பயன்பட்ட சொல் அது. அதையே தங்கள் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள்.

1994ல் இவர்களுடைய முதல் ஆல்பம் பிளண்டட் ஆன் ரியாலிட்டி வந்தது. பெரிய ஆட்கள்தான் பின்னணியில் இருந்தார்கள். முக்கியப் புரொட்யூசர் கலிஸ் பயான், ஜெர்சி சிட்டியில் உருவான கூல் அண்ட் த கேங் குழுவின் ரானல்ட் பெல் என்றால் பழைய ரசிகர்களுக்குத் தெரியும். அனுபவத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ஆல்பம் விற்கவில்லை. ஏன் என்று கேட்டுப் பார்த்தோம். டிரம் முன்னால் நிற்கிறது, மூன்று பேரும் அதைத் தாண்டிக் கத்துகிறார்கள். அந்த ஆண்டுகளில் அப்படிக் கத்துவதுதான் மோஸ்தர். லாரினின் குரல் எப்படிப்பட்டது என்று பிறகு உலகமே அறிந்தது, ஆனால் இந்த ஆல்பத்தில் அது சந்தைக்கடையில் அகப்பட்ட குழந்தையைப் போல் இருக்கிறது. இசை மேல் தங்களுக்குப் போதிய அதிகாரம் இருக்கவில்லை என்று குழுவே பின்னாளில் சொன்னது.

பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்த ஆல்பத்தின் நாப்பி ஹெட்ஸ் பாட்டைச் சலாம் ரெமி என்ற இளம் புரொட்யூசர் மறுபடியும் செய்து கொடுத்தார். வேகத்தைத் தணித்தார், ஒலிகளைக் குறைத்தார். பாடுகிறவர்களின் குரலும் பேசும் அளவுக்கு இறங்கியது. அதே மூன்று பேர், அதே ஆண்டு. ஆனால் இந்த வடிவம் பில்போர்டு பட்டியலில் ஏறியது, வானொலி அதை ஏற்றுக்கொண்டது. ஒருவருடைய சொல்திறன் ஒரு சில மாதத்தில் இரட்டிப்பாகிவிடாது. அது முன்பே இருந்தது. கேட்கத்தான் இடம் இருக்கவில்லை.

நர்ஸ் வேலையில் இருக்கும் எங்களுக்கு இது உடனே புரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலைச் சுற்றி மானிட்டர், வென்டிலேட்டர், நான்கைந்து பம்ப், எல்லாமே மணியடிக்கும். எல்லாம் அடித்தால் காது எதையும் கேட்காது. இந்த அலாரச் சோர்வு எத்தனை ஆபத்து என்பதால்தான் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2014ல் இதைத் தேசிய நோயாளி பாதுகாப்பு இலக்குகளில் சேர்த்தது. எங்களுக்குச் சொல்லப்பட்டது “மேலும் அலாரம் வையுங்கள்” என்பதல்ல, “தேவையற்றதைக் குறையுங்கள்” என்பதே. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாலும் அதே பாடம். லப், டப் என்ற இரண்டு சத்தமும் யாருக்கும் கேட்கும். இதய வால்வில் ஒழுக்கு இருந்தால் அந்த முணுமுணுப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கேட்கும். அதனால்தான் “ஒரு நிமிஷம் டிவியை நிறுத்துங்க அங்கிள்” என்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது ஆல்பத்துக்கு ரஃப்ஹவுஸ் என்ற பிலடெல்பியா கம்பெனி 135,000 டாலர் முன்பணமும் முழுச் சுதந்திரமும் கொடுத்தது. தோற்ற குழுவுக்கு இது பெரிய நம்பிக்கை. அவர்கள் அந்தப் பணத்தில் மன்ஹாட்டனில் ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்கவில்லை. கருவிகள் வாங்கி வைக்லெஃபின் உறவினர் வீட்டு அடித்தளத்தில் வைத்தார்கள். பூகா பேஸ்மென்ட் என்று பெயர். வைக்லெஃபின் ஒன்றுவிட்ட சகோதரர் ஜெர்ரி டுப்ளெசி பேஸ் கிதார் வாசித்தார், இசையாக்கத்திலும் பங்கெடுத்தார். மணிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடாத இடம். வரியை மாற்றிப் பார்க்கலாம், பீட்டைக் கலைத்துப் போடலாம், இரவு பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் மேலே போய்ச் சாப்பிடலாம். வந்தேறிக் குடும்பங்களில் பேஸ்மென்டுக்கு என்னென்ன உபயோகம் உண்டு என்று நமக்குச் சொல்ல வேண்டுமா? நம் சபைகளில் எத்தனை ஒரு பேஸ்மென்ட் ஜெபக்கூட்டமாகத் தொடங்கியது!

அங்கே பிறந்த ரெடி ஆர் நாட் பாட்டைக் கேளுங்கள். அடியில் ஓடுவது அயர்லாந்துப் பாடகி என்யாவின் போடிசியா. 1987ல் வந்தது, ஒரு சொல்கூட இல்லாத முனகல், ஒரே பெண்குரலை அடுக்கடுக்காக வைத்த ஒலி. அதன் மேல் அவசரப்படாத டிரம், அவ்வளவுதான். பல்லவி 1968ல் டெல்ஃபானிக்ஸ் குழு பாடிய பழைய பாட்டிலிருந்து எடுத்து மாற்றியது. இதில் இசை கெட்டிக்காரத்தனமாக இருப்பது சேர்த்ததில் அல்ல, விட்டதில். சொல்லில்லாத குரலைப் பின்னால் வைத்தால் சொல்லுள்ள குரலோடு அது சண்டை போடாது. லாரினின் பகுதி வரும்போது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுகிறது. ஒரு சொல்லை எங்கே இழுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பதுகூடக் கேட்கிறது. எங்கள் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் இதுதான். ஸீலட்ஸ் பாட்டில் 1950களின் ஃபிளமிங்கோஸ் குழுவினுடைய காதல் பாட்டின் துண்டு ஓடுகிறது, அதன் மேல் மூவரும் சொற்சிலம்பம் ஆடுகிறார்கள். மென்மையான தரை, கடுமையான நடை. அதுவும் அருமை. எல்லாப் பாட்டும் இந்த அளவு என்று சொல்ல மாட்டோம். நடுவில் வரும் நகைச்சுவைப் பேச்சுத் துண்டுகளை இன்று தாண்டிவிடத்தான் தோன்றுகிறது.

ஆனால் உலகம் இந்த ஆல்பத்தை வாங்கியது ராப்புக்காக அல்ல, கில்லிங் மீ ஸாஃப்ட்லி என்ற பாட்டுக்காக. இங்கேதான் நம் கேள்வி சிக்கலாகிறது. அது அவர்கள் எழுதியதே அல்ல. சார்ல்ஸ் ஃபாக்ஸ் இசை, நார்மன் கிம்பெல் வரிகள். ரோபர்ட்டா ஃபிளாக் 1973ல் பாடிப் புகழ்பெற்றது. ஃபியூஜீஸ் அதன் அடியில் ஏ டிரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் 1990ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் டிரம்மை வைத்தார்கள். அந்தப் பாட்டே 1960களின் ரோட்டரி கனெக்‌ஷன் குழுவிடமிருந்து துண்டு எடுத்ததுதான். சிதார் போல ஓர் ஒலி மின்னிப் போவது அங்கிருந்து வந்தது. வீட்டில் தாத்தா கேட்டால், நம்ம ஊர் வாத்தியம் மாதிரி இருக்கே என்பார்.

இதில் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. அந்தப் பாட்டின் வரிகளை மாற்றி, போதைப்பொருளையும் வறுமையையும் எதிர்க்கும் பாட்டாகச் செய்யத்தான் ஃபியூஜீஸ் முதலில் விரும்பினார்கள். எழுதியவர்கள் சம்மதிக்கவில்லை. புது பீட் போடலாம், சொல்லைத் தொடக்கூடாது. ஆக, ராப் குழு ஒன்றின் மிகப் பெரிய வெற்றிப் பாட்டில் ராப் கிட்டத்தட்ட இல்லை. லாரின் பாடுகிறார், நடுநடுவே வைக்லெஃப் ஓரிரு சொல் எறிகிறார். “அப்படியானால் பீட்தானே ஜெயித்தது?” என்று கூடுகையில் ஒரு தம்பி மடக்கினான். நியாயமான கேள்விதான். எங்கள் பதில்: அந்தப் பாட்டில் முதல் அரை நிமிடத்தை மட்டும் கேள். பீட் வருவதற்கு முன் குரல் மட்டும்தான் நிற்கிறது. பீட் வந்த பிறகும் டிரம்மும் பேஸும்தான், பெரும் வாத்தியக் கூட்டம் கிடையாது. இசையமைப்பு ஜெயித்தது உண்மை, ஆனால் சொல்லையும் குரலையும் முன்னே நிறுத்திவிட்டு ஜெயித்தது. அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

1997ல் தி ஸ்கோர் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றது. கில்லிங் மீ ஸாஃப்ட்லிக்குத் தனியாக இன்னொன்று. அமெரிக்காவில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்குள் என்யா வழக்குப் போடத் தயாராகியிருந்தார், ஏனென்றால் அவருடைய பாட்டை எடுக்க அனுமதியே கேட்கவில்லை. கடைசியில் பேசித் தீர்த்து, அவருக்குரிய பெயரும் பங்கும் கொடுக்கப்பட்டது.

பெயரும் பங்கும் என்றதும் நியூ ஜெர்சிக் கதை இன்னொன்று சொல்லியாக வேண்டும். ராப் முதன்முதல் பெரிய அளவில் இசைத்தட்டாக விற்றது 1979ல், இங்கே எங்கில்வுட் ஊரிலிருந்து. சில்வியா ராபின்சன் நடத்திய ஷுகர் ஹில் கம்பெனி வெளியிட்ட ராப்பர்ஸ் டிலைட். பாடிய மூவரில் ஒருவர் எங்கில்வுட்டில் பீட்ஸா கடையில் வேலை செய்துகொண்டிருந்த ஹேங்க். அடியில் ஓடிய பேஸ், ஷிக் குழுவின் குட் டைம்ஸ் பாட்டிலிருந்து அப்படியே வாசித்தது. ஷிக் குழுவின் நைல் ரோட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் சட்ட நடவடிக்கை என்றதும் பாட்டின் ஆசிரியர்களாக அவர்கள் பெயர் ஏறியது. ஹேங்க் பாடிய வரிகளோ பிராங்க்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை. காஸின் பட்டப்பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார் ஹேங்க்! மெட்டுக்காரருக்குப் பங்கு கிடைத்தது, சொல்லுக்காரருக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

சரியாக எதிர்ப்பக்கமும் நடந்தது. லாரின் 1998ல் தனியாக வெளியிட்ட ஆல்பம் அடுத்த ஆண்டு ஐந்து கிராமிகளை வென்றது. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதை ஹிப்-ஹாப் ஆல்பம் ஒன்று பெற்றது அதுவே முதல் முறை. உறையில் எழுதியது, இசையாக்கியது எல்லாம் லாரின் ஹில் என்றிருந்தது. அதில் உழைத்த நான்கு இசைக்கலைஞர்கள், நியூ ஆர்க் என்ற பெயரில் இயங்கியவர்கள், தங்கள் பங்கு மறைக்கப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2001ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாகத் தீர்ந்தது. லாரினின் திறமையில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பேஸ்மென்டில் இராத்தூக்கம் விழிப்பவர்கள் எப்போதும் பலர், மேடையில் தெரிவது ஒரு முகம்.

1991ல் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்த ஒரு ராப்பர் மேல் வழக்கு வந்தபோது, நீதிபதி தம் தீர்ப்பைத் தொடங்கியது சட்டப் புத்தகத்திலிருந்து அல்ல, பத்துக் கட்டளைகளில் களவைப் பற்றிய கட்டளையிலிருந்து. அன்றிலிருந்து அனுமதி கேட்காமல் எடுப்பது மிக ஆபத்தான விளையாட்டாகிவிட்டது. ஆலய நிகழ்ச்சிக்கு யூடியூபிலிருந்து டிராக் இறக்கும் தம்பிகள் இந்தப் பத்தியை இரண்டு முறை வாசிக்கவும்.

நம் தமிழிலும் இதே பாதை உண்டு. 2006ல் மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்திராவும் வல்லவன் என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் நிழல்கள் படத்து இளையராஜா பாட்டின் மேல் ராப் செய்த மடை திறந்து தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. பலர் முதலில் நின்றது இளையராஜாவுக்காக, உண்மை. ஆனால் தமிழில் இத்தனை வேகமாகச் சொல் அடுக்கியும் உச்சரிப்பு சிதையாமல் இருக்க முடியும் என்று அந்தக் குழு காட்டியது. தெரிந்த மெட்டு கதவைத் திறந்தது, உள்ளே சொல் நுழைந்தது. இருநூறு ஆண்டுக்கு முன் தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது செய்ததும் வேறா? குறவஞ்சி ஊரறிந்த ஆட்டம். ஜனங்களுக்கு அந்தச் சந்தம் காலிலேயே இருந்தது. அவர் அதை எடுத்துப் பெத்லகேம் கதையைச் சொன்னார். இன்று அவருடைய கீர்த்தனைகளை நம் ஆலயங்களில் பாடும்போது கீபோர்டின் ரிதம் பெட்டி முழு வால்யூமில் ஓடி, சரணத்தில் ஒரு சொல்லும் கேட்காமல் போவதைப் பற்றி நாங்கள் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

பெற்றோருக்கு ஒன்று. தி ஸ்கோர் ஆலய ஆல்பம் அல்ல. கெட்ட வார்த்தைகள் உண்டு, வன்முறைப் பேச்சும் உண்டு. சிறு பிள்ளைகள் இருக்கும் காரில் போட வேண்டாம், போட்டால் வானொலிக்காகச் சுத்தம் செய்த வடிவங்களைத் தேடுங்கள். வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்பதானால் தாராளமாகக் கேளுங்கள், அவர்களிடமே அர்த்தம் கேளுங்கள். எந்த ஆல்பமானாலும் காதுக் கருவியில் சத்தம் அளவோடு இருக்கட்டும். வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் எல்லை 85 டெசிபல், எட்டு மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் அது கால் மணி நேரம்தான்.

அடுத்த கூடுகைக்கு வருபவர்கள் நாப்பி ஹெட்ஸ் பாட்டின் இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து கேட்டுவிட்டு வாருங்கள், முதலில் ஆல்பத்தில் உள்ளது, பிறகு சலாம் ரெமி செய்தது. கேட்கும்போதே காகிதத்தில் காதில் விழுந்த சொற்களை எழுதுங்கள், இணையத்தில் வரிகளைப் பார்க்காமல். இரண்டு காகிதத்திலும் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அந்தத் தம்பியும் ஒத்துக்கொண்டிருக்கிறான், பேனாவும் தானே கொண்டுவருகிறானாம்.